விடிவதற்குள் சொல்லும் ஜெபம்

மொராக்கோ மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே யூத ஆண்கள் பத்தே பேர். யூதப் புத்தாண்டுக்கு முந்தின மாதம் முழுக்க, விடிவதற்கு முன்பே கூடிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பார்கள். பத்துப் பேர் இருந்தால்தான் அதில் முக்கியமான பகுதியைச் சொல்லலாம். ஒருத்தர் குறைந்தாலும் கிடையாது.

அம்ராம் பத்தாவது ஆள். ஊர் யூத குருவான ரப்பி மக்லூஃபின் சீடன். இந்த வருஷம் புத்தாண்டுப் பெருநாள் ஜெபத்தை நடத்த அவனைத்தான் நிறுத்தப்போவதாக ரப்பி சொல்லியிருந்தார். ஒருநாள் இருட்டோடு கதவைத் தட்டி எழுப்பினார்கள். இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டுப் புரண்டு படுத்தான் மகராசன்.

கண் விழித்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். ஜெபக்கூடத்தில் ஒன்பது பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மெயிர் பெரியவர் வேறு, தள்ளாத வயதில் மேடேறி வந்தவர். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டானோ என்னவோ.

பக்கத்து வீட்டு ஃப்ரேஹா பாட்டிக்குக் கடும் காய்ச்சல், ராத்திரியெல்லாம் வைத்தியர் வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்குமாக அலைந்தேன் என்றான். கன்னத்தில் பாய்த் தடம் அப்படியே பதிந்திருந்தது.

எல்லாரும் பதறிப்போனார்கள். நோயாளிக்காக ஜெபித்தால் அவரைப் பெற்ற தாயின் பெயரையும் சொல்ல வேண்டும்.

"அவங்க அம்மா பேர் என்னப்பா?" என்று கேட்டார் மெயிர்.

அம்ராம் சொன்னான். ஒன்பது பேரும் உருகி உருகி ஜெபித்தார்கள். மெயிர் அழுதேவிட்டார். அம்ராம் கூனிக் குறுகிப்போனான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் ரப்பியின் காதோரம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ரப்பி, மன்னிப்பு ஜெபத்தை இப்ப சொல்லலாமா?"

"விடிஞ்சாச்சே. அதுக்கு நேரம் போச்சு."

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

"அப்ப நாளைக்கு முதல் ஆளா வந்து, இருட்டோட சொல்லி அழுதுடறேன்."

ரப்பி எழுந்து போய் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளே இருந்தவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னார்.

"அந்த ஜெபத்துக்குத்தான் நேரம் போச்சு, அம்ராம்," என்றார். "இவங்ககிட்ட சொல்ல இன்னும் போகலை."