ஆறடிப் பச்சை

புல்தரை விற்கும் பண்ணையில் எந்த ஸ்பிரிங்க்ளர் எத்தனை நிமிடம் ஓடவேண்டும் என்று முறை வைத்து நீர் விடுபவள் பழனாத்தா. புல் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே முதலாளி ஆறுச்சாமி அவள்மேல் எரிந்து விழுந்தார்.

“அந்த மூலையில மட்டும் புல்லு ஏன் கருகருன்னு தழைச்சிருக்கு? நீ தண்ணி விடற லட்சணம் அப்படி! நாளைக்கு வேலைக்கு வராதே!”

பழனாத்தா தரை முழுக்கக் காலி டப்பாக்களை வைத்து, ஸ்பிரிங்க்ளரைச் சுழலவிட்டாள். எல்லா டப்பாவிலும் ஒரே அளவு தண்ணீர் நின்றது.

“தண்ணி சமமாத்தானுங்க விழுது. அங்க மட்டும் அடியிலிருந்து சத்து ஏறுது. ஆறடி நீளம், ரெண்டடி அகலம். தோண்டிப் பார்த்துரலாங்களா?”

“மண்வெட்டியத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன்!” என்று அலறிய முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.

புல் வாங்க வந்தவர்கள் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு முந்தி இங்க தண்ணி விட்ட ராக்கியப்பன் சொல்லாம ஊருக்குப் போயிட்டான்னீங்களே,” என்றாள் பழனாத்தா. “எந்த ஊருக்குங்க?”