கெர்ஃபஃபிளில் தேங்காய் தூக்கல்

டவுன் கிளப் வாசலில் செவந்தியின் சுண்டல் வண்டியைப் பார்த்ததும் செக்ரட்டரி துரைசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க நிக்கணும்னா இங்கிலீஷ் தெரியணும்! 'கெர்ஃபஃபிள்'ங்கிற வார்த்தையைச் சரியா வச்சுப் பேசு. பேசிட்டா வண்டி நிக்கட்டும். இல்லேன்னா கிளப்பு!"

வேடிக்கை பார்க்க மெம்பர்கள் கூடிவிட்டார்கள்.

சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கேட்டால்தான் வியாபாரி கொதித்துப்போய் நிஜ விலையைக் கக்குவான். செவந்தி அதில் கரைகண்டவள்.

"நேத்து சாப்பிட்ட கெர்ஃபஃபிள்ல தேங்காய் கொஞ்சம் தூக்கல் சார்."

"அடி முட்டாளே! அது திங்கிற பண்டமா? ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டிக் கத்துறதுடி!"

"அப்படியா? சுண்டல் வண்டிக்காக செக்ரட்டரி சார் கெர்ஃபஃபிள் பண்றாரு. சரிதானே சார்?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "தப்பு!" என்று கத்த வாயைத் திறந்தார் துரைசிங்கம். கத்தினால் அதுவும் கெர்ஃபஃபிள்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

வண்டியும் நின்றது.