எடை கேட்ட வண்டி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு மின்சார பைக் கடை இருந்தது. அங்கிருந்த வண்டிகள் பேசும். காது கொடுப்பவர்களுக்குக் கேட்கும்.

கடையில் ஒரு வழக்கம். யார் வந்தாலும் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடியை முறுக்கிக் காட்டுவார்கள். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். மீட்டரில் எண் ஏறும். மின்னல் என்ற சிவப்பு வண்டி நொடியில் எண்பதைத் தொட்டுவிடும். மூலையில் நின்ற சாம்பல் வண்டி அறுபதோடு சரி. அதற்கு அகலமான சீட், தடித்த ஸ்பிரிங். மற்ற வண்டிகள் அதற்கு வைத்த பெயர் எருமை.

ஒரு நாள் காலையில் பிலவேந்திரன் வந்தார். தையல் மெஷின் பழுது பார்ப்பவர், நல்ல பருமன். அவருடைய பழைய வண்டி உச்சிமேட்டுத் தெரு ஏற்றத்தில் மூன்று முறை நின்றுபோனது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் உண்டு.

"என்னண்ணே, வண்டிக்கு வச்ச சோத்தையும் நீங்களே சாப்பிட்டீங்களா?" என்று மூன்றாம் முறை நின்றபோது அந்தத் தெருப் பேச்சியம்மா தன் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அதன்பின் அந்தத் தெருவிலிருந்து போன் வந்தால் அவர் எடுப்பதில்லை. புது வண்டியும் நின்றுவிட்டால், அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டியதுதான்.

கடைப்பெண் யாஸ்மின் மின்னலை முறுக்கினாள். "எண்பது, அண்ணே! பாத்தீங்களா?"

பிலவேந்திரனின் கண்கள் விரிந்தன.

"ஏறுங்க, பறக்கலாம்!" என்றது மின்னல்.

வண்டியைத் தரையில் இறக்கி அவர் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் அடியோடு அமுங்கியது. மட்கார்டு டயரில் உரசி 'கர்ர்' என்றது.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கங்க, சரியாயிடும்" என்றது மின்னல், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிலவேந்திரன் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஒன்றும் சரியாகவில்லை.

"அண்ணே, உங்க எடை என்ன?" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

"எருமைக்கு மரியாதையே தெரியாது" என்று முணுமுணுத்தது மின்னல்.

"தொண்ணூறு" என்றார் பிலவேந்திரன்.

"டூல்ஸ் பெட்டியோடவா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாஸ்மின் வெளியே எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் மெல்ல. "பெட்டி தனியா பதினஞ்சு."

"அப்படின்னா நூத்தி இருபத்தேழு. நான் நூத்தைம்பது தாங்குவேன். ஆனா பறக்க மாட்டேன். ஏத்தத்துல மெதுவாத்தான் போவேன். முழு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர்னு எழுதியிருக்கே, அது ஒல்லி ஆளுக்கு. உங்களோட எழுபதுதான்."

"உச்சிமேட்டு ஏத்தத்துல நடுவுல நிப்பியா?"

"வாசல்ல ஓட்டிப் பாத்தா எப்படித் தெரியும்? பெட்டியையும் ஏத்துங்க. உங்க மேட்டுக்கே போவோம்."

பிலவேந்திரன் பெட்டியைத் தூக்கிக் கால் வைக்கும் இடத்தில் வைத்தார்.

உச்சிமேட்டு ஏற்றம் தொடங்கியது. பழைய வண்டி நின்ற முதல் திருப்பம் வந்தது. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். வண்டி 'ம்ம்ம்' என்று சீராக முனகியபடி, ஆள் வேகமாக நடக்கும் வேகத்தில் ஏறியது. இரண்டாவது திருப்பமும் போனது. இழுத்துப் பிடித்த மூச்சை அப்போதுதான் அவர் விட்டார்.

"அண்ணே!" பேச்சியம்மா கையில் துணியோடு வெளியே ஓடிவந்தாள். "என்ன இது, வண்டி நிக்கவே இல்ல!"

"அது நிக்காது. உன் மெஷின் ஓடுதா?"

"எங்க ஓடுது? நாலு நாளா நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறீங்க. உள்ள வாங்க, காபி போடுறேன்."

அவர் வண்டியை நிறுத்திப் பெட்டியை இறக்கினார். இறக்கும்போது வண்டியின் அகலமான சீட்டை ஒரு தட்டு தட்டினார்.

கீழே கடையில் வேறு யாரோ வந்திருந்தார்கள். மின்னல் ஸ்டாண்டில் நின்றபடி எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது.