குளத்தில் மிதந்த பேராயர்

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே! முடி சூடிய மன்னனே சூனியத்துக்கு நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அப்போது, கடல்களுக்கு அப்பால் இங்கிலாந்து தேசத்தில், அம்புரோஸ் ஹெல்விஸ் என்றொரு பேராயர் வாழ்ந்தார்.

ஒன்பது மொழி கற்றவர். வேதத்தை அதன் மூலமான எபிரேய மொழியிலேயே ஓதுவார். ஆனால் கதவு படீரென்று சாத்தினாலே நெஞ்சு பதறும் பயந்தாங்கொள்ளி.

ஒரு வருஷம் அந்த ஊரில் மாடுகள் வரிசையாகச் செத்து விழுந்தன. "சூனியக்காரியின் வேலை!" என்றார்கள் ஜனங்கள்.

சந்தேகப்பட்டவளைக் கைகால் கட்டிக் குளத்தில் எறிவார்கள். மிதந்தால் சூனியக்காரி, அவளுக்குத் தூக்கு. மூழ்கினால் குற்றமற்றவள். "வேதமே இப்படித்தான் சொல்கிறது" என்றார் ஊர் நீதிபதி.

வேதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று பேராயருக்குத் தெரியும். ஆனால் வாய் திறப்பது எப்படி? சூனியக்காரிக்குப் பரிந்து பேசுகிறவனையும் தூக்கிலிட வேண்டும் என்பது மன்னன் கட்டளை.

முதலில் ஆக்னஸ் என்ற இடைச்சியை எறிந்தார்கள். பேராயர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவள் மிதந்தாள், தூக்கில் போட்டார்கள்.

அடுத்து வாய் பேசாத ஒரு பெண்ணை எறிந்தார்கள். பேராயர் காதைப் பொத்திக்கொண்டார். அவள் மூழ்கினாள், பிணமாகத்தான் கரைக்கு வந்தாள்.

மூன்றாவதாகத் தாமசின் என்ற மருத்துவச்சியை இழுத்துப் போனார்கள். கோயில் வாசலில் நின்ற பேராயரை அவள் பார்த்துவிட்டாள்.

"ஐயா, நீங்கள் படித்தவராயிற்றே! நான் சாகவேண்டும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? அதையாவது சொல்லுங்கள்."

பேராயருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கூட்டத்தின் பின்னாலேயே குளக்கரைக்குப் போனார்.

"எந்த ஏட்டிலும் இல்லை!" என்று கத்தினார். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"இவரையும் பிடித்துக் கட்டுங்கள்" என்று உறுமினார் நீதிபதி.

"கட்டுங்கள். என்னையே முதலில் எறியுங்கள்."

எறிந்தார்கள். கறுத்த குளிர்நீர் மூக்கிலும் வாயிலும் புகுந்தது. இதோ சாவு என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் அவருடைய அகன்ற அங்கி காற்றை வாங்கி உப்பிக்கொண்டது. பேராயர் தக்கைபோல் மிதந்தார்!

கரையில் நின்ற ஒரு தாய் அலறினாள்: "ஐயோ, இவர் சூனியக்காரரா? என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை ஆயிற்றே!"

"என் அப்பனை அடக்கம் பண்ணியதும் இவர்தானே!" என்று ஒருவன் நடுங்கினான்.

நீதிபதியின் முகம் வெளுத்தது. அவருடைய கல்யாணத்தை நடத்தி வைத்ததும் இதே பேராயர்தான்.

"இழுங்கள், வெளியே இழுங்கள்! இந்தச் சோதனை பொய்!"

பேராயர் தண்ணீரைக் கக்கிக்கொண்டே கேட்டார்: "பொய் என்றால், அந்த இரண்டு பெண்களையும் கொன்றது நாம் அல்லவா?"

தாமசினின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நடந்ததை மன்னனின் காதுக்குக் கொண்டுபோக ஒருவருக்கும் துணிவில்லை. அதன்பின் அந்தக் குளத்தில் யாரையும் எறியவில்லை.

உண்மை தெரிந்தவன் பயந்து வாய் மூடினால், தெரியாதவர் செய்யும் பாவத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.