வேகம் குறைந்த முறுக்கு மெஷின்

படிப்பு ஒன்று, பட்டம் இரண்டு. பொறியியலையும் வணிக நிர்வாகத்தையும் ஐந்தே வருடத்தில் சேர்த்துத் தலையில் ஏற்றிவிடுவார்கள். திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதைப் படித்த மூவருக்குள் வந்த வழக்கு இது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

கடைசி வருடத்தில் ஒரே ஒருவருக்கு ஜெர்மனியில் தொழிற்சாலைப் பயிற்சி கிடைக்கும். 'படித்த இரண்டையும் ஒரே வேலையில் காட்டியவருக்கு' என்பது விதி. ஆக்னஸுக்கு அந்த இடத்தின் மேல் கொள்ளை ஆசை. குளிருக்கு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள், பாவம்.

அவளும் திலீபனும் ரெஹானாவும் ஒரே குழு. திலீபன் முறுக்கு பிழியும் மெஷின் செய்தான். கையால் பிழிபவர்கள் பக்கத்திலேயே வர முடியாத வேகம் அதற்கு. ரெஹானா பேச்சில் கெட்டிக்காரி. மணப்பாறையில் முறுக்குக் கடை வைத்திருக்கும் மரகதத்தை ஒரே நாளில் வாங்க வைத்துவிட்டாள். மெஷினை மாட்டிக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து பார்க்கும் வேலை ஆக்னஸின் தலையில் விழுந்தது.

கடையில் ஒரே அடுப்பு, ஒரே வாணலி. அங்கே முறுக்கு இரண்டு முறை எண்ணெயில் இறங்கும். பாதி வெந்ததும் எடுத்து ஆறவைத்து, திரும்பப் போடுவார்கள். மெஷின் பிழிந்து தள்ளியதெல்லாம் துணியில் காத்துக் கிடந்து, காய்ந்து, எடுக்கும்போதே உடைந்தது. மரகதத்தின் முகம் வாடிப்போனது.

மறுநாள் பேராசிரியர்கள் பார்க்க வருகிறார்கள்; மெஷின் மெதுவாக ஓடினால் ஜெர்மனியை மறந்துவிட வேண்டியதுதான். ஆனாலும் ஆக்னஸ், மோட்டாரில் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரமான புல்லியைக் கழற்றிச் சிறியதாக ஒன்றை மாட்டினாள். வேகம் பாதியானது. ஒரு முறுக்குகூட உடையவில்லை.

"அக்கா, இன்னொரு அடுப்பு வைக்கிற வரைக்கும் இது இப்படியே ஓடட்டும்" என்றாள்.

மறுநாள் பேராசிரியர்கள் முன்னிலையிலேயே சண்டை மூண்டது.

"என் மெஷின் கழுத்தையே நெரிச்சிட்டா சார்! செஞ்சவன் நான், எனக்குத்தான் அந்த இடம்" என்றான் திலீபன்.

"கடைக்குள்ள கொண்டுவந்து சேர்த்தது நான். வேகமா ஓடும்னு நான் குடுத்த வாக்க இவ பொய்யாக்கிட்டா" என்றாள் ரெஹானா.

"சாயங்காலத்துக்குள்ள அக்காவோட முறுக்கு டின்னு நிறையணும்ல சார்? அதத்தான் பாத்தேன்" என்றாள் ஆக்னஸ்.

செய்தவனா, விற்றவளா, வேகத்தைக் குறைத்தவளா? ஜெர்மனிக்குப் போக வேண்டியவர் யார்?

விடை: ஆக்னஸ்தான். ஒவ்வொரு முறுக்கும் வாணலிக்குள் இருமுறை போக வேண்டும் என்பதை மற்ற இருவரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. வாணலி வாங்குகிற அளவுக்குத்தான் பிழிய முடியும், மிச்சமெல்லாம் உடைசல். அவள் புல்லியை மாற்றியது பொறியியல், எதற்காக மாற்றினாள் என்பது வியாபாரம். திலீபனுக்குக் கொஞ்ச நாள் கோபம் ஆறவில்லை. பிறகு அவனுக்கு மரகதத்திடமிருந்து போன் வந்தது: "தம்பி, ரெண்டாவது அடுப்பு வச்சாச்சு. அந்தப் பெரிய சக்கரத்த எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க!" பையன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு பைக்கை எடுத்தான்.