பெட்ரோல் பைப்புக்குப் பத்து முழம் மல்லிகை

இன்னாசிமுத்து பைப் போட்டால் மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்கு வேலை இருக்காது என்று கோயமுத்தூர் மேஸ்திரிகள் சொல்வார்கள். ஊரில் எத்தனையோ அடுக்குமாடிகளில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் அவர் போட்ட பைப்பில்தான். கோடு போட்ட மாதிரி போகும். கிளாம்ப் ஒவ்வொன்றும் சுவரைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் பழைய ஃபியட் காரில் புது எஞ்சின் ஒன்றை இறக்கினார். பின்னால் இருக்கிற டாங்கியிலிருந்து முன்னால் இருக்கிற எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் பைப்பைத் தன் கையாலேயே போட்டார். செம்புப் பைப், நேர் கோடு, இறுக்கிப் பிடித்த கிளாம்ப். மனைவி பிலோமினாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குன்னூருக்குக் கிளம்பினார். பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் பைப் விரிசல் விட்டது. பானட்டுக்கு அடியில் குப்பென்று தீ பிடித்தது.

பின்னால் வந்த லாரிக்காரர்கள் மண்ணை வாரிப்போட்டு அணைத்தார்கள். குதித்த வேகத்தில் பிலோமினாவுக்கு முழங்கை சிராய்த்தது. அதோடு போயிற்றே என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பிலோமினா சொல்லவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவள், வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்த பிறகும் அதில் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் பஸ்தான்.

"நீங்க போட்ட பைப்தானுங்களே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வேறு எது சொல்லியிருந்தாலும் இன்னாசிமுத்து தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. தன் கையால் போட்ட பைப்பை நம்பி அவள் ஏறி உட்கார வேண்டும், அதுவரைக்கும் விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

துளசிமணியைத் தேடிப் போனார். கவுண்டம்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய வண்டிகளுக்குப் புது எஞ்சின் மாற்றித் தருகிறவள் அவள். வயசு அவர் மகள் வயசுதான். முதல் நாள் "அம்மிணி" என்றுதான் கூப்பிட்டார். அவள் வேலை செய்வதை நாள் முழுக்க நின்று பார்த்தார். மறுநாளிலிருந்து "மாஸ்டர்" என்றார்.

"நானே கத்துக்கிட்டு நானே போடணும் மாஸ்டர். வேற ஆள் போட்டா அது எம் பைப் ஆகாதுங்க."

"சரிங்ணா. எந்த வழியா கொண்டுபோவீங்க?"

"அதே வழிதாங்க. அதுதான் நேர் வழி, குறுக்கு வழி. இந்தத் தடவை செம்பு வேண்டாம், இரும்பு. கிளாம்பும் ரெட்டிப்பு."

துளசிமணி ரோட்டில் போன பூக்காரியைக் கூப்பிட்டுப் பத்து முழம் மல்லிகை வாங்கினாள்.

"பைப் போற வழியெல்லாம் இதைக் கட்டுங்க. நீங்க பைப்பை எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே பிடிச்சுக் கட்டுங்க. பர்லியாறு வரைக்கும் போயிட்டு வாங்க."

ஓட்டுவதற்கு வேண்டிய பெட்ரோலுக்கு முன்பக்கமே ஒரு சின்ன டாங்கியும் பம்பும் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்தாள்.

பைப்புக்கு வழி கேட்டு வந்தால் பூ வைத்து அனுப்புகிறாளே என்று இன்னாசிமுத்துவுக்குச் சங்கடம். ஆனாலும் மாஸ்டர் சொல். வண்டிக்கு அடியில் படுத்து, சரத்தைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினார். போய்விட்டு வந்தார். மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்தார்.

சைலன்சர் ஓரமாகப் போன பூவெல்லாம் கருகிச் சருகாகியிருந்தது. தகட்டில் இருந்த ஓட்டை வழியாகச் சரம் நுழைகிற இடத்தில் நார் தேய்ந்து நூலாகியிருந்தது. பாடியிலிருந்து எஞ்சினுக்குத் தாவுகிற இடத்தில் சரம் அறுந்து, ரெண்டு முனையும் ரெண்டு பக்கம் தொங்கின.

"பூ என்னுங்ணா சொல்லுது?" என்றாள் துளசிமணி.

"சைலன்சர் பக்கமே போகக் கூடாதுங்க. சுத்து வழியானாலும் அந்தப் பக்கமா கொண்டுபோகணும். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடணும்."

"மூணாவது?"

"அது நார் சரியில்லைங்க மாஸ்டர்."

"அப்படீங்களா. வேற கட்டிப் பாருங்க."

மறுநாள் அந்த இடத்தில் சணல் கயிறு கட்டிப் போனார். அறுந்தது. அதற்கு அடுத்த நாள் நைலான் கயிறு. மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றும்போது போடுகிற முடிச்சைப் போட்டு, காலை உதைத்து இழுத்துக் கட்டினார். போய் வந்து பார்த்தால் கயிறு அப்படியே இருந்தது.

"ஜெயிச்சுட்டேன் மாஸ்டர்!"

துளசிமணி குனிந்து டார்ச் அடித்துக் காட்டினாள். கயிறு அறுபடவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கிளாம்ப், தகட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

இன்னாசிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதைவிட இறுக்க என்னால ஆகாதுங்க."

"யாராலயும் ஆகாதுங்ணா."

அவள் பானட்டைத் தூக்கினாள். ஒரு கையை எஞ்சின் மேலும் இன்னொரு கையை வண்டியின் பக்கத் தகட்டின் மேலும் வைக்கச் சொன்னாள். வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"ரெண்டு கையும் ஒண்ணாப் போகுதுங்களா?"

"இல்லீங்க. இந்தக் கை குதிக்குது. அந்தக் கை சும்மா இருக்குது."

"நீங்க பைப் போட்ட வீடு எதாச்சும் இப்படிக் குதிச்சுதுங்களா?"

இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

பிறகு வேலையில் இறங்கினார். இறங்கினால் அவரைப் பிடிக்க ஆளில்லை. சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாக இரும்புப் பைப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். ஓட்டைக்கெல்லாம் ரப்பர் வளையம் போட்டார். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மட்டும், பெட்ரோலைத் தாங்குகிற ரப்பர் ஹோஸ். அதைக் கொஞ்சம் தொய்வாக, ஒரு வளைவு விட்டுப் பொருத்த வேண்டும்.

அங்கேதான் மனுஷன் திணறிப்போனார். பைப்பைத் தொங்கவிட்டதற்காகவே வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பியவர். அவர் தொய்வு விடுவார். அவர் கையே போய் இழுத்து விறைப்பாக்கிவிடும். துளசிமணி வந்து ஹோஸைத் தளர்த்திவிட்டுப் போவாள். அவர் மறுபடி இழுப்பார். அவள் மறுபடி வருவாள். கடைசியில் ஒரு நாள் அவள் வந்து பார்த்தபோது வளைவு வளைவாகவே இருந்தது. இன்னாசிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வண்டி பர்லியாறு ஏறிக் குன்னூர் போயிற்று. கோத்தகிரி வழியாக இறங்கி வந்தது. வெள்ளைத் துணியால் பைப் முழுக்கத் துடைத்து முகர்ந்து பார்த்தார். ஒரு பொட்டு பெட்ரோல் வாசம் இல்லை. அந்தத் துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இது எம் பைப் மாஸ்டர்."

"ஆமாங்ணா. உங்க பைப்தான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"ஏறு பிலோமினா. இனிமே ஒண்ணும் ஆகாது."

பிலோமினா ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு பானட்டைத் திறந்து வைத்து விளக்கம் சொன்னார். இது இங்கே ஆடும், அது அங்கே நிற்கும், நடுவிலே இது வளைந்து கொடுத்துப் போகும் என்றார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நடந்தாள். அதற்கடுத்த ஞாயிறு, அவள் வெளியே போகவே முடியாதபடி கேட்டை அடைத்து வண்டியை நிறுத்தினார். சேலையை ஒதுக்கிக்கொண்டு, வண்டிக்கும் கேட்டுக்கும் இருந்த இடுக்கில் நுழைந்து அவள் போனாள். திரும்பி வந்தபிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் இன்னாசிமுத்து கொட்டகைக்கு வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"பைப்ல என்னமோ குறை இருக்குதுங்க. பாத்துச் சொல்லுங்க மாஸ்டர்."

துளசிமணி டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்ணா."

"அப்புறம் ஏன் ஏற மாட்டேங்கறா? கூப்பிட்டுப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், மறிச்சுக்கூடப் பாத்தேன். இன்னும் என்ன செய்யட்டும்?"

துளசிமணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க. வர்ற ஞாயித்துக்கெழமை அவங்ககூட நீங்களும் பஸ்ல போங்க."

"பஸ்லயா? இவ்வளவு பாடுபட்டு வண்டியைக் கட்டி வச்சுட்டு, நான் பஸ்லயா?"

"ஆமாங்ணா. வண்டியைப் பத்திப் பேசாதீங்க."

இன்னாசிமுத்து வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அடுத்த வேலை என்னவென்று தெரிந்துகொண்டவரின் உறுதி அந்த முகத்தில் வந்திருந்தது.

"போறேங்க. எத்தனை வாரம் போகணும்னு மட்டும் சொல்லிருங்க."

துளசிமணி சொன்னாள்:

"நீங்க வாரத்தை எண்ணிட்டிருக்கற வரைக்கும் அவங்க ஏற மாட்டாங்கங்ணா."