பேரும் செல் நம்பரும்

கோவையில் அந்த மென்பொருள் கம்பெனியில் தலைமை ஆர்க்கிடெக்ட் சக்கரபாணி வைத்ததுதான் சட்டம். “நான் எழுதின புரோகிராம்ல இருக்கற இருநூறு கிளாஸும், ஒரு துண்டு விடாம, பப்ளிக்காவே இருக்கட்டும், வாடிக்கையாளருங்க எடுத்துப் பயன்படுத்தட்டும்,” என்றார். அவர்கள் எடுத்துவிட்டால் பிறகு ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது; மாற்றினால் அவர்களுடைய புரோகிராம் நின்றுபோகும். அது எல்லாருக்கும் தெரியும், வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

கையேடு எழுதும் தஸ்லிமா மட்டும் தலையாட்டினாள். “சரிங்க சார். கையேட்டுல ஒவ்வொரு கிளாஸுக்குக் கீழேயும் உங்க பேரையும் செல் நம்பரையும் போட்டுடறேன். சந்தேகம்னா உங்களையே கூப்பிடட்டும்.”

சக்கரபாணி அவளிடமிருந்து கிளாஸ் பட்டியலை வாங்கிப் பேனாவைத் திறந்தார். “இது நம்ம உள்வேலைக்கு, இதுவும்தான்,” என்று அடித்துக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டுக்குள் பதினொன்றுதான் மிஞ்சியது.

“இதுக்குக் கையேடு எழுத எத்தனை நாளாகும்?”

தஸ்லிமா மேசை டிராயரிலிருந்து அச்சடித்த கையேட்டை எடுத்து நீட்டினாள். போன வாரமே எழுதி முடித்தது. அதில் இருந்ததும் அதே பதினொன்றுதான்.